மூடியைத் திறந்த கை

ஒரு போட்டோ எடுக்க இரண்டு பேர் வேண்டும். கேமராப் பெட்டிக்குப் பின்னால் நிற்க ஒருவர், முன்னால் உட்கார ஒருவர். இதில் ஆஞ்சப்பனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. முன்னால் உட்கார்ந்திருந்தது அவன் மனைவி முனிலட்சுமி. பின்னால் நின்றவன் யார் என்பதுதான் தெரியவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம், கோடை தொடங்கியிருந்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருந்த அவர்கள் வீட்டின் பின்னறையில் ஆஞ்சப்பன் ஓர் அரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக் அவன். சாமான்களில் பாதி வீட்டில்தான் கிடக்கும். ஆனால் பின்னறை முனிலட்சுமியின் ராஜ்ஜியம். பலகை முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவள் எடுத்த படங்களின் கண்ணாடித் தகடுகள், பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, நிற்கவைத்து அடுக்கியிருக்கும். அந்த வரிசைக்குப் பின்னால் கையை விட்டபோது எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு பெட்டி தட்டுப்பட்டது. மற்றதோடு சேராமல் தனியாக ஒளிந்திருந்ததால்தான் அதைத் திறக்கத் தோன்றியது.

ஒரு தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். தகட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்பு கலந்த பசை பூசியிருக்கிறது. வெளிச்சம் விழுந்த இடத்தில் அந்த உப்பு, மருந்தில் முக்கினதும் கறுத்துவிடும், விழாத இடம் தெளிந்துவிடும். ஆகையால் வெள்ளைச் சுவர் கறுப்பாகவும் கறுப்புத் தலைமுடி நரைத்தும் இருக்கும். அப்புறம் அதைக் காகிதத்தின் மேல் வைத்து இன்னொரு தடவை வெளிச்சம் காட்டினால்தான் மனுஷ முகம் மனுஷ முகமாக வரும். தகட்டை மட்டும் பார்த்து இன்னார் என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் ஆஞ்சப்பன் சொல்லிவிட்டான். முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை ஏற்றிவைத்திருந்தாள். அப்படி உட்காருகிறவள் அவனுக்குத் தெரிந்து ஒருத்திதான். பெட்டியிலிருந்த எல்லாத் தகட்டிலும் அவளே. ஒன்றில் கொல்லைச் சுவரோரம், ஒன்றில் இதே ஜன்னலருகில், ஒன்றில் ஆட்டுக்கல் பக்கத்தில். எல்லாவற்றிலும் நேரே கேமராவைப் பார்த்து, உதட்டை மூடிக்கொண்டு, இப்போதோ இன்னும் கொஞ்சத்திலோ சிரித்துவிடுவாள் போல. அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

அந்தக் கேமராவே அவன் கொண்டுவந்ததுதான். உலகச் சண்டை முடிந்த சமயம் பெங்களூரில் ராணுவச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஸ்பானர் இருக்கும் என்று ஒரு மரப்பெட்டியை ஏலத்தில் எடுத்தான். அதற்குள் ஸ்பானரோடு ஒரு மடக்குக் கேமராவும் இருந்தது. எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற ஆள் அவன். லென்சுக்குள் கண் இமை மாதிரித் திறந்து மூடுகிற மெல்லிய இதழ்களைக் கழற்றினான். உள்ளே இருந்த மயிரிழைச் சுருள் துள்ளிப் பறந்தது. எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அதோடு கேமராவின் இமை செத்துப்போனது. அவன் தூக்கிப் போட்டதை முனிலட்சுமி எடுத்துவைத்துக்கொண்டாள்.

அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து தகடு வரும் டப்பாவில் ஒட்டியிருந்த, படம் போட்ட செய்முறைக் குறிப்பும், கெட்டுப்போன தகடுகளும்தான் வாத்தியார். இமை இல்லாவிட்டால் என்ன, பவுடர் டப்பா மூடி ஒன்றை உள்பக்கம் கறுப்பு வெல்வெட் ஒட்டி லென்சின் மேல் கவிழ்த்தாள். எடுத்தால் வெளிச்சம் போகும், வைத்தால் நிற்கும். ஆனால் கண் இமைக்கும் வேகத்தில் கையால் திறந்து மூட முடியாதே? அதற்கும் வழி கண்டாள். வெளிச்சம் குடத்தில் விழும் தண்ணீர் மாதிரி. பெரிய துளையில் சட்டென்று நிறையும், சின்னத் துளையில் நிதானமாக நிறையும். லென்சுக்கு முன்னால் ஊசித் துளையிட்ட ஒரு பித்தளை வில்லையைச் செருகிவிட்டாள். இருபது, இருபத்தைந்து எண்ணும்வரை மூடியைத் திறந்துவைத்தாலும் தகடு கெடாது. அதுவரை எதிரே இருப்பவர் அசையக்கூடாது. "ஈ வந்து மூக்குமேல குந்தினாலும் அசையாதே" என்று எல்லாரிடமும் சொல்லுவாள். இருட்டறை விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி வேண்டும் என்றபோது பஸ்ஸின் பின்விளக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தது ஆஞ்சப்பன்தான்.

அப்புறம் தொழில் தானாக வந்தது. பழையபேட்டையில் அந்நிய ஆண் கண்ணில் படாமல் கோஷா இருக்கும் பெண்களை எந்த ஸ்டூடியோக்காரனும் படம் எடுக்க முடியாது. முனிலட்சுமி எடுக்கலாம். எடுப்பதும் பெண், இருட்டறையில் கழுவுவதும் அதே பெண், தகடும் அவள் வீட்டில். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குக் காட்ட ஒரு படம், தாய்வீட்டுக்கு ஒரு படம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வேலை இல்லாத நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அணை கட்டுகிற இடத்துக்குப் போய் கல் உடைக்கும் பெண்களை அசையாமல் நிற்கவைத்து எடுப்பாள்.

ஆக, இமை கிடையாது. ஒரு கை மூடியைத் திறக்க வேண்டும், அதே கை மூட வேண்டும். அந்தக் கை யாருடையது?

தகடும் மருந்தும் பெங்களூரிலிருந்து பஸ்ஸில்தான் வரும். கொண்டுவருவது டிரைவர் ராஜப்பன். ஆஞ்சப்பன் மறுநாளே அவனைக் கவனிக்க ஆரம்பித்தான். படத்தைக் கழுவுகிற மருந்து நகத்தில் ஏறினால் பழுப்புக் கறை வாரக்கணக்கில் போகாது. முனிலட்சுமியின் நகமெல்லாம் கொட்டைப்பாக்கு நிறம். ராஜப்பனின் நகத்தில் கறை இருந்தது. ஆனால் க்ளீனர் நகத்திலும் இருந்தது, டயர்க்காரன் நகத்திலும் இருந்தது. பஸ் ஷெட்டில் சுத்தமான நகம் உள்ளவன் முதலாளி ஒருத்தர்தான்.

"என்னாண்ணா, கையையே பாக்குறே? ரேகை சோசியம் கத்துக்கினியா?" என்றான் ராஜப்பன்.

"சும்மா பாத்தேன்."

"பாத்து நல்லதா சொல்லு. அண்ணி எப்பிடி இருக்காங்கோ? போன தபா ரெண்டு பெட்டி தகடு எடுத்தாந்து குடுத்தேன். காப்பி குடுத்தாங்கோ. நம்ம மூஞ்சிய ஒரு படம் புடிங்கன்னேன், பொம்பளைங்களத்தான் புடிப்பேன்னுட்டாங்கோ."

காப்பி கொடுத்தது ஆஞ்சப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமா என்று அவன் யோசிக்கவில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் சோற்றுக்கு முன் அந்த எண்ணெய்த் துணிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"இதெல்லாம் யார் எடுத்தது?"

முனிலட்சுமி பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "நான்தான் மாமா. வேற யாரு?"

"நீ முன்னாடி குந்தியிருக்கியே."

"ஆமா. குந்திக்கினுதான் எடுத்தேன்."

"அப்போ மூடியைத் தொறந்தது?"

"நான்தான்."

"மூடினது?"

"அதுவும் நான்தான்." குழம்பு ஊற்றினாள். "யாரோ எடுத்தாங்கன்னு நெனச்சியா?"

"நான் ஒண்ணும் நெனைக்கல. கேக்குறேன். மூடி தொறந்திருக்கும்போது ஈ பறந்தாக்கூடப் படம் கெட்டுடும்னு நீதானே சொல்லுவே? இங்க இருக்குற ஆளு அங்க எப்பிடிப் போவும்? றெக்கையா கீது?"

"நடந்துதான் போவும்."

"எங்கிட்டயே கதை உடுறியா? அந்த மெசினைக் கழட்டினவன் நானு."

அவள் கரண்டியை வைத்தாள். சொல்லியிருக்கலாம், இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. "கழட்டினவனுக்குத் தெரியாததா? நீயே கண்டுபுடிச்சுக்கோ. நான் ஒருவாட்டி சொல்லிட்டேன்" என்றாள்.

மறுநாள் வேப்பனப்பள்ளிக்கு அவள் அக்கா மகளின் சடங்குக்குப் புறப்பட்டாள். போகும்போது கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். தகட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போக முடியாதே.

அவள் பஸ் ஏறினதும் ஆஞ்சப்பன் பின்னறைக்குள் நுழைந்தான். அவள் இருக்கிற தகடு இன்னும் எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தான். செய்தித்தாளைப் பிரிப்பது, ஜன்னலில் பிடிப்பது, மறுபடி சுற்றி வைப்பது. யார் யாரோ பெண்கள். எல்லாரும் கறுத்த முகமும் வெளுத்த முடியுமாக அவனையே பார்த்தார்கள். அவள் மட்டும் வேறெங்கும் இல்லை. ஆம்பளை ஒருத்தன் நிழல்கூட இல்லை. அது அவனை இன்னும் உறுத்தியது. ஒரு தடயமும் விடாதவன் ரொம்பக் கெட்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான். சந்தேகப்படுகிறவனுக்கு இப்படி ஒரு வசதி. ஒன்றும் கிடைக்காவிட்டால் அதுவே சாட்சி.

சாயங்காலத்துக்குள் முடிவுக்கு வந்தான். இந்தத் தொழிலே வீட்டில் வேண்டாம். கைவண்டி ஒன்றைப் பிடித்து எல்லாப் பெட்டிகளையும் ஏற்றி, கடைத்தெருவில் படத்துக்குச் சட்டம் போடும் முனீர் அகமதுவிடம் கொண்டுபோனான். தகட்டுக் கண்ணாடி மெல்லிசானது, குமிழியே இல்லாதது. சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் பசை தோலாக உரிந்து வந்துவிடும். சின்ன சாமிப் படங்களுக்கு அதைவிட நல்ல கண்ணாடி கிடைக்காது.

"எல்லாமேவா ஆஞ்சப்பா? உன் சம்சாரம் தொழிலை வுட்டுட்டாங்களா?" என்று முனீர் அகமது கேட்டார்.

"வுட்டுட்டா பாய்."

ஒரு தகட்டை மட்டும் கைக்குட்டையில் சுற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டான். எவனாவது பிடிபட்டால் முகத்துக்கு நேரே நீட்ட.

ஷெட்டில் அந்த வாரம் ஒரு புது பஸ். புதுசு என்றால் இவர்களுக்குப் புதுசு. கோலாரில் ஒருவரிடமிருந்து வாங்கினது. பக்கவாட்டில் பழைய முதலாளி பெயர் பெரிய கன்னட எழுத்தில் இருந்தது. பெயின்டர் கோவிந்தப்பன் அதன்மேல் பச்சை அடித்துக் காயவிட்டிருந்தான். மறுநாள் வெயில் ஏறினதும் பச்சைக்கு அடியிலிருந்து கன்னட எழுத்து மெதுவாக எழும்பி வந்தது, குளத்தின் அடியில் கிடக்கும் பாத்திரம் மாதிரி.

"என்னாடா, ஒழுங்கா அடிக்கலியா?" என்றான் ஆஞ்சப்பன்.

"ஒரு பூச்சுதானேண்ணா அடிச்சிருக்கேன். அடியில அவன் அஞ்சாறு பூச்சு அடிச்சு வச்சிருக்கான். மெல்லிசா அடிச்சா கீழ இருக்குறது தெரியத்தான் செய்யும். அதோ பாரு, ஓரத்துல பிரஷ்ஷை வேகமா இழுத்துட்டேன். அங்க நான் அடிச்ச மாதிரியே தெரியல."

ஆஞ்சப்பன் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து பஸ்ஸுக்குப் பின்னால் போய் கைக்குட்டையைப் பிரித்தான்.

தகட்டில் முனிலட்சுமி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடி இருக்கிற இடத்தில் முக்காலியின் விளிம்பு தெரிந்தது. மடிக்கு அடியில் மறைந்திருக்க வேண்டிய விளிம்பு. அவள் தோளுக்குள் செங்கல் சுவரின் கோடு போனது. முதல் நாளும் பார்த்திருந்தான்; கெட்டுப்போன தகடு என்று விட்டிருந்தான்.

அவள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்து, வேறொருவன் மூடியைத் திறந்திருந்தால், மூடி திறந்தது முதல் மூடினது வரை அந்த இடத்தில் அவள்தான் இருந்திருப்பாள். விளிம்பைத் தகடு பார்த்திருக்கவே முடியாது. தகடு விளிம்பைப் பார்த்திருக்கிறது என்றால், மூடி திறந்தபோது முக்காலி காலி. வெறும் சுவரும் வெறும் முக்காலியும் ஒரு பூச்சு விழுந்தபின், அதன்மேல் இவள் வந்து உட்கார்ந்து ஒரு பூச்சு. போகிற வழியில் நடந்ததெல்லாம் வேகமாக இழுத்த பிரஷ், ஒன்றும் ஒட்டவில்லை. உற்றுப் பார்த்தால் முக்காலியிலிருந்து தகட்டின் ஓரம்வரை ஆவி மாதிரி ஒரு கீற்று இருந்தது. அவள் எழுந்துவந்த தடம்.

'நடந்துதான் போவும்' என்றாளே, நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். மற்ற பெண்களின் தகடுகளை நினைத்துப் பார்த்தான். அவர்களெல்லாம் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். ஊடே ஒரு கோடு தெரியவில்லை. மூடியைத் திறக்க அவர்களுக்கு முனிலட்சுமி இருந்தாள். முனிலட்சுமிக்கு யாரும் இல்லை.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு மெசின் வேலை செய்யும் விதம் பிடிபட்ட சந்தோஷம். சோடா உப்புத் தண்ணீர் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஸ்பானரைப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினான்.

பட்டப்பகலில் முனீர் அகமதுவின் கடை சாத்தியிருந்தது. பக்கத்துச் சந்தில் அவர் வீடு. கதவைத் தட்டினதும் அவரே வந்தார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

"பாய், அந்தத் தகடுங்க..."

"நீ என்ன குடுத்தேன்னு உனக்குத் தெரியுமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "கண்ணாடி கழுவுறது எங்க வூட்டுல பொம்பளைங்க வேலை. எம் பொண்ணு வஜிஹா முதல் அண்டாவுல தகடைப் போட்டுட்டு ரெண்டாவதுக்குத் தாளைப் பிரிச்சிருக்கா. அவ அம்மா முகம் இருக்குது. அடுத்ததுல அவளே. இந்தத் தெருவுல இருக்குற பொம்பளைங்க பாதிப்பேரு அந்தப் பெட்டிங்கள்ல இருக்காங்க. ஒரு ராத்திரி முழுக்க அது என் கடை வாசல்ல, தெருவுல போறவன் கைபடுற எடத்துல கெடந்திருக்குது."

ஆஞ்சப்பன் வாசற்படியிலிருந்து ஓர் அடி கீழே இறங்கினான்.

"இன்னொண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. தாளெல்லாம் பிரிச்சு மறுபடி சுத்தியிருக்குன்னா வஜிஹா. உன் சம்சாரம் அப்பிடிச் சுத்தமாட்டாங்களாம். நீ பார்த்தியா?"

"என் பொண்டாட்டி படத்தைத் தேடினேன் பாய்."

"அதைக் கேக்கல. பார்த்தியா?"

"கறுப்பு முகமாத்தான் தெரிஞ்சுது. யாரு எவருன்னு ஒண்ணும் அடையாளம் தெரியல. சத்தியமா."

முனீர் அகமது அவன் கண்ணையே பார்த்தார். யோசித்துப் பார்த்தால், இத்தனை நாளாக ராஜப்பனின் கையை ஆஞ்சப்பன் பார்த்தது இப்படித்தான். நம்பும்படி எதைச் சொன்னாலும் அது கெட்டிக்காரன் சொல்கிற பதிலாகவே தோன்றும். அது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தகடு எதையும் உங்கிட்ட குடுக்கமாட்டேன்" என்றார். "உன் சம்சாரம் வரட்டும்."

முனிலட்சுமி மறுநாள் மத்தியான பஸ்ஸில் வந்தாள். ஆஞ்சப்பன் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தான். அவள் இறங்கினதும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த இடத்தில் ஆரம்பித்தான்.

"கண்டுபுடிச்சிட்டேன் முனி. நீதான் எடுத்திருக்கே. முக்காலி ஓரம் உன் மடியில தெரியுது பாரு. மூடியைத் தொறந்துட்டு வந்து குந்தியிருக்கே. இப்ப நம்பறேன்."

"முக்காலியைத்தானே நம்பறே" என்றாள். "நான் சொன்னப்ப நம்பலியே."

அவன் தலையைக் குனிந்தான். தலைகுனிந்ததில் வேறென்னவோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

"என்னா மாமா பண்ணே?"

சொன்னான். கைவண்டி, கடை, அண்டா எல்லாவற்றையும். அவள் திட்டவில்லை, அழவில்லை. "யார் யாரு தகடு போச்சு?" என்று மட்டும் கேட்டாள். அது அவனுக்குத் தெரியாது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், நேராகச் சந்துக்கு நடந்தாள். அவன் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

முனீர் அகமது அவளுக்கு வழிவிட்டார். ஆஞ்சப்பனுக்கு விடவில்லை. மூங்கில் தட்டிக்கு வெளியே, வெயிலில் நின்றான். உள்ளே தாள் சரசரப்பதும் வஜிஹாவின் குரலும் கேட்டன.

"முதல் அண்டாவுல போனது அணைக்கட்டுப் பொம்பளைங்கதாங்க்கா. கல்லு ஒடைக்கிறவங்க. தெரியாமப் போட்டுட்டேன். தெரிஞ்சப்புறம் ஒண்ணையும் தொடல."

"அவங்க வந்து கேக்கமாட்டாங்க" என்றது முனிலட்சுமியின் குரல். ஒரு தாளை நீவி மடிக்கும் சத்தம் கேட்டது. "ஒருத்திக்கும் ஒரு பிரிண்டுகூட நான் குடுத்ததில்ல."

அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு தகடாகப் பிரித்து இன்னார், இன்னார் என்று சொல்லிக்கொண்டே போனாள். தகட்டை வைத்தே அவளால் எல்லாரையும் சொல்ல முடிந்தது. ஒவ்வொன்றையும் அவரவர் வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்றாள். "பத்திரமா வச்சிருப்பேன்னு சொல்லித்தான் எடுத்தேன். என் வூட்டுல இருந்தா பத்திரம்னு இனிமே எந்த வாயால சொல்றது? அவங்ககிட்டயே இருக்கட்டும். பிரிண்டு வேணும்னா எடுத்துக்கினு வரட்டும், போட்டுத் தர்றேன்."

"இனிமே படம் எடுப்பியாக்கா?"

"கூப்பிட்டா போவேன். கூப்பிடுவாங்களான்னுதான் தெரியல. அவங்க வூட்டு ஆம்பளைங்க விடணுமே."

வஜிஹா ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு எண்ணெய்த் துணி பிரியும் சத்தம் கேட்டது. அந்தத் துணியின் சத்தம் ஆஞ்சப்பனுக்குத் தெரியும்.

"இது என்னாக்கா, இவ்ளோ வருஷத்துப் படமும் உன்னுதேவா?"

"புதுசா தகட்டுப் பெட்டி வந்தா அது எப்பிடி வேலை செய்யும்னு பார்க்கணுமில்ல. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு விதம். மத்தவங்களைக் குந்தவச்சுக் கெடுக்கக்கூடாதேன்னு முதல் தகட்டை என் மேல போட்டுப் பார்ப்பேன். பக்கத்துல வேற யாரு இருந்தாங்க?" அவள் சிரித்த மாதிரி இருந்தது. "நடந்து போய்க் குந்துறதுக்குள்ள எனக்கே சிரிப்பு வரும்."

ஆஞ்சப்பன் கைக்குட்டையிலிருந்த தகட்டை எடுத்தான். தட்டிக்கு அடியில் கையை நீட்டி, "இது ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு" என்றான். பழுப்பு நகமுள்ள கை அதை வாங்கிக்கொண்டது.

"இதையும் அதோட சேர்த்து வை வஜிஹா" என்று உள்ளே கேட்டது. "இந்தப் பெட்டி உன்கிட்டயே இருக்கட்டும். இது என்னுது. பத்திரமா வச்சுக்குவியா?"

"வச்சுக்குறேங்க்கா. யாரு பார்க்கப்போறாங்க?"

"யாரும் பார்க்கவேணாம்."

முனிலட்சுமி மற்ற பெட்டிகளில் முதலாவதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆஞ்சப்பன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் துணிமூட்டையை மட்டும் அவன் தோளில் சரியாக ஏற்றிவைத்துவிட்டு, தகடுகளைத் தானே சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.